மாற்றுத்திறன் குழந்தையை வளர்க்கும் அம்மாக்களின் மனநலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம், பெருமூளை வாதம், டவுன் சிண்ட்ரோம், பார்வைக் குறைபாடு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று குழந்தையின் நிலை எதுவாக இருந்தாலும் அம்மாக்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. குழந்தையைப் பற்றியதைச் சத்தமாகக் கேட்பார்கள். தங்களைப் பற்றியதை, கிளம்பும் நேரத்தில் கதவருகே நின்று, தாழ்ந்த குரலில் கேட்பார்கள். இங்கே இருப்பவை அந்த இரண்டாம் வகைக் கேள்விகள்.

குழந்தையை உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் திடீர் திடீரென்று துக்கம் பொங்கிவருகிறது. வருடங்கள் ஆகியும் போகவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

இல்லை. 1962-இல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் ஒரு துக்கம் இருக்கிறது, அவர்களுடைய நிலைமையில் அது இயல்பானது, அதை மனநோயாகப் பார்க்கக் கூடாது என்று சொன்னார். ‘உண்மையை ஏற்றுக்கொள்’ என்று பெற்றோரை நெருக்கும் நிபுணர்களையும் விமர்சித்தார். இத்தனை வருடங்கள் ஆகியும் அப்படி நெருக்குகிறவர்கள் குறையவில்லை.

இந்தத் துக்கம் எப்போதும் ஒரே அளவில் இருக்காது. மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கும். பிறகு பக்கத்து வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் கிளம்பும் காலையில் வரும். தம்பி அண்ணனைவிட முன்னதாகப் பேசத் தொடங்கும்போது வரும். மகள் வயதுக்கு வரும்போது, மகனைத் தூக்க முடியாத அளவுக்கு அவன் வளர்ந்துவிடும்போது, கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போகும்போது வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நாளில் ‘எனக்கு ஏன் இப்படி ஆகிறது’ என்ற குழப்பமாவது மிஞ்சாது. அந்த வாரத்தில் வேலைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். புரிந்துகொள்ளும் ஒருவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

துக்கம் இருப்பதால் பாசம் குறைவு என்று ஆகாது. குழந்தையின் சிரிப்பில் கரைந்துபோகும் அதே அம்மாதான் அன்று இரவே அழவும் செய்கிறாள். இரண்டும் உண்மை.

துக்கத்தின் ஐந்து கட்டங்களைத் தாண்டினால் மனம் சமாதானமாகிவிடும் என்கிறார்களே?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த வரிசையை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதினார். சாவை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளோடு பேசி எழுதியது அது. உங்கள் குழந்தை உங்களோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது, வளர்கிறது, மாறுகிறது. அதனால் உங்கள் மனமும் அந்த வரிசைப்படி நடக்கக் கடமைப்படவில்லை. நேற்று சமாதானமாக இருந்தவர் இன்று கோபப்பட்டால், திரும்ப முதல் படிக்கு விழுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதா?

ஏறக்குறைய எல்லா அம்மாக்களும் இதைக் கேட்கிறார்கள். கர்ப்ப காலத்தில் விழுந்தது, அழுதது, வேலைக்குப் போனது, ஒரு மாத்திரை போட்டது, மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது என்று ஒவ்வொரு நாளையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வீட்டிலேயே யாராவது வாய்விட்டுச் சொல்லியும் இருப்பார்கள்.

அம்மாவைக் குற்றவாளியாக்குவதில் மருத்துவத் துறைக்கே மோசமான வரலாறு உண்டு. 1943-இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், அந்தப் பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் எழுதினார். புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதைப் பிரபலமாக்க, அம்மாக்களின் ‘குளிர்ந்த மனம்’தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. 1964-இல் பெர்னார்ட் ரிம்லேண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உடலியல் சார்ந்தது என்று விரிவாக எழுதி அந்தக் கருத்தை ஆட்டங்காண வைத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. இன்று ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது என்று தெளிவாகத் தெரியும். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, ‘நான்தானே ஊசி போடக் கூட்டிப்போனேன்’ என்று யாரும் தன்னையே தண்டித்துக்கொள்ளத் தேவையில்லை.

டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21-ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பது. 1959 முதல் இது தெரிந்த விஷயம். நீங்கள் சாப்பிட்டதோ நினைத்ததோ அதை உண்டாக்கவில்லை. பெருமூளை வாதம் என்றாலே பிரசவத்தில் மூச்சுத் திணறியதுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது காரணமில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

சில நிலைகளுக்குத் தடுத்திருக்கக்கூடிய காரணம் இருப்பதும் உண்மைதான். கர்ப்பத்தில் வந்த தொற்று, கிடைக்காமல் போன சிகிச்சை போன்றவை. அப்படியே இருந்தாலும், அன்று உங்களுக்குத் தெரிந்ததையும் கிடைத்ததையும் வைத்துத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள். காரணம் என்ன என்பதை மருத்துவரிடம் ஒருமுறை நேராகக் கேட்டுவிடுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மனம் வழக்கு நடத்தத் தொடங்கும்போது அந்தத் தாள் உதவும்.

வெறும் களைப்பா, மனச்சோர்வு நோயா? எப்படிக் கண்டுபிடிப்பது?

களைப்பு என்றால், இரண்டு இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் கொஞ்சமாவது தெளியும். முன்பு சொன்ன துக்கம் அலையாக வந்து போகும். நடுவில் சிரிப்பும் வரும், பிடித்ததில் நாட்டமும் வரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளிகள் மூடிக்கொண்டே வரும். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியில், மனம் கனத்தோ வெறுமையாகவோ இருக்கும். பிடித்தது எதுவும் பிடிக்காது. குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராது, அல்லது எழவே முடியாது. பசி மாறும், கவனம் நிற்காது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தோன்றிக்கொண்டே இருக்கும். இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரம் என்பது மருத்துவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அளவு.

சிலருக்கு அழுகையே வராது. எரிச்சல், தலைவலி, உடம்பு வலி, படபடப்பு என்றுதான் வெளிப்படும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் கிட்டத்தட்ட இதே சோர்வைத் தரும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

‘இந்தக் குழந்தை பிறக்காமலே இருந்திருக்கலாம்’ என்று தோன்றுகிறது. நான் இவ்வளவு கெட்டவளா?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமான அம்மாக்களுக்கு இந்த நினைப்பு வந்திருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். ஓய்வே இல்லாத மனம் தப்பிக்க ஒரு வாசலைத் தேடுகிறது. ஒரு நினைப்பு வந்து போவதால் நீங்கள் கெட்டவராகிவிட மாட்டீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னால் அதன் பலம் பாதியாகக் குறையும்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. ‘நான் செத்துவிட்டால் நிம்மதி’, ‘எனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடலாம்’ என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ, எப்படி என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாலோ, அதை அவசர நிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க மாட்டோம் இல்லையா? அன்றே ஒருவரைக் கூப்பிட்டு இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள். குழந்தையை இன்னொருவரிடம் விடுங்கள். மருந்துகளையும் ஆபத்தான பொருட்களையும் வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த நினைப்பு சிகிச்சையில் குறையும். குறைந்த பிறகு நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறைய.

இதை உறவினராக இருந்து படிக்கிறீர்கள் என்றால், நேரடியாகவே கேளுங்கள்: ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

கோபத்தில் கத்திவிடுகிறேன். ஒரு சில தடவை அடித்தும்விட்டேன். அப்புறம் நாள் முழுக்க அழுகை. என்ன செய்வது?

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, கண்பார்வையில் வைத்துக்கொண்டே சில அடி தள்ளிப் போய், மூச்சு சீராகும் வரை நில்லுங்கள். குழந்தை அழுதாலும் பரவாயில்லை. இரண்டு நிமிடம் அழுவதைவிட அடி வாங்குவது மோசம்.

அப்புறம், கோபம் எப்போது வருகிறது என்று கவனித்துக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரே நேரம், ஒரே வேலை, அல்லது முந்தைய இரவில் தூக்கமில்லாத நாள் என்று ஏதாவது தெரியவரும். குளிப்பாட்டும்போதுதான் வெடிக்கிறது என்றால், குளிப்பாட்டும் வேலையை வேறொருவர் எடுக்கட்டும், அல்லது நேரத்தை மாற்றுங்கள். குழந்தை சொல்ல முடியாத வலியாலோ சத்தம் பிடிக்காமலோ முரண்டு பிடிக்கிறதா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். காரணம் புரிந்தாலே கோபத்தில் கொஞ்சம் தணியும்.

அடித்துவிட்டால் குழந்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பேச்சு வராத குழந்தைக்கும் உங்கள் குரல் புரியும். அடிப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் நீங்களாகவே போய் உதவி கேளுங்கள். இருவருக்கும் அது தேவை.

கவலையால் என் உடம்பும் கெடுமா?

கெடலாம். நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளின் அம்மாக்களையும் ஆரோக்கியமான குழந்தைகளின் அம்மாக்களையும் சேர்த்து மொத்தம் 58 பேரை எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். மன அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்தவர்களின் செல்களில், குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர்கள் குறைந்த அழுத்தம் உள்ளவர்களைவிடக் குட்டையாக இருந்தன. டெலோமியர்கள் குட்டையாவது செல்களுக்கு வயதாவதன் ஓர் அடையாளம். சிறிய ஆய்வுதான், பயந்துபோக வேண்டாம். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது, அழுத்தத்தை எவ்வளவு உணர்ந்தார்கள் என்பதோடு டெலோமியர்களின் நீளம் சேர்ந்து போனது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் எதுவும் ஆடம்பரமில்லை.

இதைவிட அன்றாடமான சேதங்கள் உண்டு. வளர்ந்த குழந்தையைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விடும். குழந்தையின் பிசியோதெரபிஸ்டிடமே, முதுகு கெடாமல் எப்படித் தூக்குவது என்று கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் பரிசோதனை ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். அம்மாக்கள் முதலில் ரத்து செய்வது தங்களுடைய மருத்துவச் சந்திப்பைத்தான்.

வீட்டில் செய்யச் சொல்லித் தெரபிஸ்ட் தரும் பயிற்சிகளை முடிக்கவே முடியவில்லை. நான் அம்மாவா, தெரபிஸ்டா?

ரொம்பச் சரியான கேள்வி. பிசியோ கொஞ்சம், ஸ்பீச் கொஞ்சம், சிறப்புக் கல்வி கொஞ்சம் என்று ஒவ்வொருவரும் தருவது தனித்தனியாக நியாயமாகத்தான் இருக்கும். எல்லாம் கூடி வந்து நிற்பது ஒரே ஆளின் தலையில். அதைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. இது அமைப்பின் குறை, உங்கள் குறை இல்லை.

அடுத்த சந்திப்பில் ஒன்றைக் கேளுங்கள்: ‘இந்த மாதம் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் எதைச் செய்ய?’ நல்ல தெரபிஸ்ட் இதற்குப் பதில் சொல்வார். தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சியைவிட, உடை மாற்றும்போதும் விளையாடும்போதும் சேர்த்துச் செய்யக்கூடியது எது என்றும் கேளுங்கள். வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சித் திட்டம் இந்த வழியில்தான் போகிறது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள். அன்றாட வேலையிலும் விளையாட்டிலும் குழந்தையோடு ஈடுபடுவதே அதன் அடிப்படை. பெற்றோரின் மனநலத்துக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

தினமும் கொஞ்ச நேரமாவது எதையும் திருத்தாமல், எதையும் சொல்லிக்கொடுக்காமல், குழந்தையோடு சும்மா இருங்கள். அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணவர் எதையும் கண்டுகொள்வதில்லை. அவருக்கு வருத்தமே இல்லையா?

இருக்கலாம், வேறு வடிவத்தில். வேலையில் மூழ்குவது, எதிர்காலத்துக்குப் பணம் சேர்ப்பதிலேயே குறியாக இருப்பது, மருத்துவமனைப் பேச்சை எடுத்தாலே எழுந்து போவது என்று அது வெளிப்படலாம். இதைச் சொல்வது அவர் ஒதுங்கியிருப்பதை நியாயப்படுத்த அல்ல. வருத்தம் இருக்கிறதோ இல்லையோ, வேலையைப் பங்கிட்டாக வேண்டும்.

‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று கேட்பதில் பெரிதாக எதுவும் மாறாது. எதை, எப்போது, எப்படி என்று நினைவில் வைத்துச் சொல்வது அப்போதும் உங்கள் வேலையாகவே இருக்கும். ஒரு பொறுப்பை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். உதாரணமாக, மருந்து தீர்வதைக் கவனிப்பது, வாங்குவது, கொடுப்பது எல்லாம் அவர். அவர் உங்கள் முறையில் செய்ய மாட்டார். ஆபத்தில்லாதவரை விட்டுவிடுங்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் எப்படியும் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரில் 80 சதவீதம் பேர் பிரிந்துவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கு வெகுகாலம் சுற்றியது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசமுள்ள குழந்தைகளில் 64 சதவீதத்தினரும் மற்றக் குழந்தைகளில் 65 சதவீதத்தினரும் பெற்றோர் இருவரோடும் வாழ்ந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

தனியாக வளர்க்கும் அம்மா என்றால் பங்கிட ஆளில்லை. அம்மா ஓய்வெடுக்கும்படி சிறிது நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாற்றுப் பராமரிப்பு எங்கே கிடைக்கும் என்பதே அவர்களுக்கு முதல் தேடலாக இருக்கட்டும்.

‘கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்’, ‘உங்களைப் போல யாராலும் முடியாது’ என்கிறார்கள். ஏனோ எரிச்சலாக வருகிறது.

வரும். அப்படிப் புகழ்ந்துவிட்டால் உதவி செய்ய வேண்டிய கட்டாயம் முடிந்துபோகிறது. ‘அப்படியா, வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் இவனோடு இருக்க முடியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். மனதார உதவ நினைப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

‘குழந்தைக்காகவாவது உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். நேரமே இல்லையே?

அந்த வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அம்மா நன்றாக இருந்தால் குழந்தைக்கும் நல்லது என்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை என்றாலும் நீங்கள் தூங்க வேண்டும், சிரிக்க வேண்டும், ஒரு சிநேகிதியைப் பார்க்க வேண்டும். நீங்களும் ஒரு மனுஷி. அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்டால், தூக்கம். தியானம், நடை எல்லாம் அதற்கு அப்புறம். வாரத்தில் ஓரிரு இரவாவது குழந்தையின் பொறுப்பு வேறொருவரிடம், நீங்கள் வேறு அறையில். குழந்தையே இரவில் தூங்குவதில்லை என்றால் ‘இப்படிப்பட்ட குழந்தைகள் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் சிகிச்சை வழிகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அதையே முதல் பிரச்சினையாகச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவேனா?

மனச்சோர்வுக்கு இன்று அதிகம் தரப்படும் மருந்துகள், அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தூண்டும் போதைப் பொருட்களைப் போன்றவை அல்ல. பலன் தெரிய பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். நன்றாக இருக்கிறது என்று திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லி மெதுவாகக் குறைக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். லேசான மனச்சோர்வுக்கு, மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான சில மாத்திரைகள் வேறு வகை, அவற்றில் சிலவற்றுக்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டு. அதனால் யாரோ சாப்பிடுவதை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மற்ற பெற்றோரோடு சேர்வது உதவுமா?

பலருக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக. விளக்கம் கொடுக்காமல் பேசக்கூடிய இடம் அது. ஆனால் ஒவ்வொரு முறையும் குழந்தைகளை ஒப்பிட்டு மனம் நொந்து திரும்புகிறீர்கள் என்றாலோ, முழுசாகக் குணப்படுத்துவதாக யாராவது அங்கே எதையாவது விற்கிறார்கள் என்றாலோ, அந்தக் குழுவை விட்டு வேறு ஒன்றைப் பாருங்கள்.

எனக்குப் பிறகு இந்தக் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

இந்தப் பயத்தை முழுசாகப் போக்கும் பதில் எதுவும் இல்லை. ஆனால் சில வேலைகள் அதன் கூர்மையைக் குறைக்கும். முதலாவது, உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேரோடு சாப்பிட, தூங்க, வெளியே போக இப்போதே குழந்தையைப் பழக்குவது. என் குழந்தை யாரிடமும் இருக்காது என்பதில் பாசம் தெரியலாம், ஆனால் பின்னால் குழந்தைக்கே அது கஷ்டம். இரண்டாவது, ஒரு நோட்டு. எந்தச் சத்தத்துக்குப் பயம், வலித்தால் எப்படிக் காட்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தப் பாட்டுக்குச் சமாதானமாகும் என்று உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். மூன்றாவது, சட்டப்படி பாதுகாவலர், சொத்து பற்றி ஒரு வழக்கறிஞரிடம் பேசுவது. கூடப்பிறந்த பிள்ளைதான் பார்த்துக்கொள்ளும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். வளர்ந்ததும் அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். மாட்டேன் என்று சொல்லவும் இடம் கொடுங்கள்.

மருத்துவரிடம் போனால் என்னவென்று சொல்வது? உட்கார்ந்ததும் அழுதுவிடுவேன்.

அழலாம், அவர்கள் நிறையப் பேரைப் பார்த்தவர்கள். பேச வராது என்று தோன்றினால் எழுதி எடுத்துப்போய்த் தாளை நீட்டுங்கள். எவ்வளவு நாளாக, தூக்கம் எப்படி, பசி எப்படி, சாவு பற்றிய நினைப்பு உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். இந்த ஐந்தும் இருந்தால் போதும். மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, தெரிந்த குடும்ப மருத்துவரிடம் தொடங்கலாம். முடிந்தால் குழந்தையை வீட்டில் விட்டுப் போங்கள். பேச்சு குழந்தையின் பக்கம் திரும்பினால், ‘இன்று எனக்காக வந்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ‘அம்மா என்றால் இதெல்லாம் சகஜம்’ என்று அனுப்பி வைத்தால் இன்னொருவரைப் பாருங்கள். காது கொடுத்துக் கேட்பவர் என்றால், அடுத்த சந்திப்புக்கான தேதியை வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.